கால் வீக்கம், நுரையீரல் நீர், நிணநீர்: இதயச் செயலிழப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் மூன்று சொற்கள் ஓயாமல் அடிபடும்: உப்பு, நீர் மாத்திரை, வீக்கம். இதயம் ஒரு பம்ப், சிறுநீரகம் ஒரு வடிகட்டி, பம்ப் இளைத்தால் நீர் தேங்கும் என்பதோடு விளக்கமும் முடிந்துவிடும். ஆனால் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிற நீர் இரத்தக் குழாய்க்குள் இருப்பதில்லை, வெளியே திசுக்களின் இடுக்கில் இருக்கிறது. அங்கிருந்து அதை அள்ளிக்கொண்டு வருவதற்கென்றே தனியாக ஒரு குழாய் அமைப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அப்பாவின் கால் வீக்கத்தோடு நான்கு வருடம் மல்லுக்கட்டியபோது நான் கேட்டதும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டதுமான கேள்விகள் இவை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள இது உதவலாம்.

நிணநீர் என்றால் என்ன? ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அதுவா?

அதேதான். தொண்டை புண்ணானால் கழுத்திலும், காலில் அடிபட்டுச் சீழ் வைத்தால் தொடை இடுக்கிலும் கட்டிக்கொள்கிறதே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கணு என்று ஒன்று இருந்தால் அதற்குள் வருகிற குழாயும் அதிலிருந்து போகிற குழாயும் இருந்தாக வேண்டும். அவை நிணநீர் நாளங்கள். கிருமியோடு சண்டை போடுவது இந்த அமைப்பின் ஒரு வேலை, அது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வேலை, இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசிந்த நீரையும் புரதத்தையும் அள்ளிவந்து மறுபடி இரத்தத்தில் சேர்ப்பது. நம் விஷயத்துக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

இந்தக் குழாய்கள் ரொம்ப மெல்லியவை, உள்ளே ஓடுவதும் கிட்டத்தட்ட நிறமில்லாத திரவம், அதனால் வெட்டிப் பார்த்தாலும் கண்ணில் படாது. 1622-இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர் அப்போதுதான் தீனி தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலை ஒட்டி வெள்ளை வெள்ளையாக நூல் போல ஓடுவதைப் பார்த்தார். நரம்பு என்று முதலில் நினைத்தார். ஒன்றைக் கீறினால் பால் போல வடிந்தது. உணவிலிருந்த கொழுப்பு அந்த நிணநீரை வெள்ளையாக்கியிருந்தது. பட்டினி நாயில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

இரத்தம் குழாய்க்குள்தானே ஓடுகிறது? நீர் ஏன் வெளியே வருகிறது?

வராவிட்டால்தான் ஆபத்து. கடைசி நுண்குழாய்களான தந்துகிகளின் சுவர் பொடி நுண்துளைகள் கொண்டது. அதன் வழியே நீரும் உப்பும் கொஞ்சம் புரதமும் கசிந்து செல்களை நனைக்கின்றன. அளவைக் கேட்டால்தான் ஆச்சரியமாக இருக்கும், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த பிளாஸ்மாவே, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியே, 3 லிட்டர்தான், அதாவது 9 மணி நேரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா முழுவதும் வெளியேறித் திரும்பி வருகிற கணக்கு. திரும்பி வருவது அரை நாள் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வெளியே போன நீர் சிரைப் பக்கம் திரும்ப உறிஞ்சப்படும், மிச்சம்தான் நிணநீர் என்று படித்தோமே?

நானும் அப்படித்தான் படித்தேன். தந்துகியின் ஒரு முனையில் நீர் வெளியேறும், மறு முனையில் உள்ளே வரும், 20 லிட்டர் போனால் 17 திரும்பும், பாக்கி 3 லிட்டர் நிணநீர் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் சொன்ன அழுத்தக் கணக்கை வைத்து வந்த படம் அது. ஸ்டார்லிங்கின் அடிப்படை சரிதான். ஆனால் தந்துகியின் உட்சுவரில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, புரதம் நீரை இழுக்கிற விசையின் கணக்கு அந்தப் பூச்சின் இரு பக்கத்துக்கும் இடையில் போடப்பட வேண்டியது என்பது பின்னால்தான் தெளிவானது. 2010-இல் லெவிக், மிஷெல் இருவரும் இதையெல்லாம் தொகுத்து எழுதினார்கள். அதன்படி பெரும்பாலான திசுக்களில் தந்துகிகள் நீரைத் தொடர்ச்சியாகத் திரும்ப உறிஞ்சுவதில்லை. சிறுநீரகம், குடல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவை விதிவிலக்கு. மற்ற இடங்களில் கசிந்த நீருக்கு நிணநீர்தான் வழி.

இது ஏதோ பாடப்புத்தகத் திருத்தம் மட்டும் இல்லை. மிச்சத்தைப் பொறுக்குகிற குழாய் என்று நினைத்தவரை அது அடைத்தால் பெரிய கவலை இல்லை. அதுதான் பிரதான வடிகால் என்றால் இதயச் செயலிழப்பில் அதற்கு என்ன ஆகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

நிணநீருக்கென்று இதயம் கிடையாதே, காலிலிருந்து மேலே எப்படி ஏறுகிறது?

ஒரே இதயம் கிடையாது, குட்டிக் குட்டியாக ஏராளம் உண்டு என்று சொல்லலாம். ஆரம்ப நாளங்கள் திசுவில் நுனி மூடிய விரல் போலத் தொடங்குகின்றன. அவற்றின் சுவர்ச் செல்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சுற்றிலும் நீர் கூடினால், திசுவோடு கட்டிவைத்த நுண்ணிய நார்கள் அந்த ஓரங்களை இழுத்துத் திறந்துவிடும். நீர் உள்ளே வந்ததும் ஓரங்கள் மூடிக்கொள்ளும். அப்புறம் வருகிற பெரிய நாளங்களில் சுவரில் தசை, சிறு இடைவெளிக்கு ஒரு வால்வு. இரண்டு வால்வுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு துண்டும் நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்கி, அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடுகிறது. வரிசையில் நின்று மணல் சட்டியைக் கைமாற்றுவார்களே, அப்படி. கெண்டைக்கால் தசை அசைவதும் மூச்சு இழுப்பதும் கூடுதலாகக் கை கொடுக்கும்.

கால்கள், வயிறு, இடது பக்கம் எல்லாம் சேர்ந்து கடைசியில் மார்பு நிணநீர்க் குழாயில் விழுகிறது. 40 செ.மீ. அளவு நீளம், சில மில்லிமீட்டர்தான் அகலம். முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, இடது கழுத்தின் அடியில் இரண்டு பெரிய சிரைகள் சேரும் முனையில் திறக்கிறது. இந்த முகத்துவாரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் மீதி எல்லாமே அதைச் சுற்றித்தான்.

சரி, இதயச் செயலிழப்பில் எது கெட்டுப்போகிறது?

இரண்டு பக்கமும் அடி.

இதயம் முன்னால் தள்ளாத இரத்தம் பின்னால் சிரைகளில் தேங்கும். சிறுநீரகம் உடலில் இரத்தம் குறைந்துவிட்டதென்று தவறாகப் புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். சிரை அழுத்தம் ஏறும், தந்துகி அழுத்தமும் ஏறும், கசிவு கூடும். நிணநீர் நாளத்துக்கு வேலை பல மடங்காகும். இது முதல் அடி, இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

இரண்டாவது அடி அந்த முகத்துவாரத்தில். நிணநீர் போய்ச் சேர வேண்டியது எந்தச் சிரையில்? அழுத்தம் ஏறிக் கிடக்கிற அதே சிரையில். ஆரோக்கியமானவருக்கு அங்கே அழுத்தம் 8 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். இதயச் செயலிழப்பு முற்றும்போது 15, 20 என்று போகும். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறிவிட்டால் தெருவோரச் சாக்கடை ஆற்றில் விழ முடியாமல் தெருவிலேயே நிற்கிறதே, அதே கதை. சாக்கடையில் அடைப்பு எதுவும் இருக்காது. மழையும் கூடியிருக்கிறது, ஆறும் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை 1960-களிலேயே மனிதர்களில் பார்த்திருக்கிறார்கள். இதயச் செயலிழப்பு நோயாளிகளின் கழுத்தைத் திறந்து மார்பு நிணநீர்க் குழாயைப் பார்த்தபோது அது உப்பிப் பெருத்திருந்தது, ஓட்டமும் வழக்கத்தைவிடப் பல மடங்கு. குழாயை வெளியே வடியவிட்டதும் சிரை அழுத்தமும் வீக்கமும் குறைந்தன. குழாய் சோம்பேறியாக இல்லை, மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருந்தது, வாசலில்தான் நெரிசல்.

மாதக்கணக்கில் இப்படி உழைத்தால் குழாயே தளர்ந்துவிடும். சுவர் விரிய விரிய வால்வுகளின் இரண்டு இதழ்களும் சரியாகச் சேராது, தள்ளியது பின்னால் ஒழுகும். ஓய்ந்துபோன இதயத்துக்கு நடப்பதேதான் இங்கேயும்.

அப்படியானால் சிரை அழுத்தம் ஏறியவுடன் எல்லோருக்கும் வீங்க வேண்டுமே?

வீங்காது, உடல் நிறைய கையிருப்பு வைத்திருக்கிறது. திசு முதலில் லேசில் நெகிழாமல் நீரை எதிர்க்கும், அது 3 மி.மீ. அளவு காப்பு. நிணநீர் ஓட்டம் ஒரு திசுவில் 10 மடங்கு, 50 மடங்கு வரைகூட ஏறும், அது ஒரு 7. அப்படி வேகமாக ஓடும்போது திசுவில் கிடக்கும் புரதத்தையும் அலசிக்கொண்டு போய்விடும். புரதம் குறைந்தால் நீரை வெளியே இழுக்கிற விசையும் குறையும், அது இன்னொரு 7. மொத்தம் 17, அதாவது தந்துகி அழுத்தம் அவ்வளவு மி.மீ. ஏறும்வரை வீக்கம் வராமல் சமாளிக்கும். உடலியங்கியலில் பல தலைமுறையாகச் சொல்லித்தருகிற கணக்கு இது. கவனித்தீர்களா, 17-இல் 14 நிணநீரின் உபயம். அதனால்தான் கால் வீங்கியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கேட்பது ‘நிணநீரின் கையிருப்பு தீர்ந்துவிட்டது’ என்று.

வீக்கம் தெரிவதற்கு முன்பே எடை ஏறிவிடும் என்கிறார்களே?

ஆமாம். குழி விழுகிற அளவுக்குக் கால் வீங்கும் முன்பே உடலில் சில லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, எடைக்கருவி பொய் சொல்லாது. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது பொதுவாகத் தரப்படும் அளவு. உங்களுக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் செல்லும்.

தினமும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், தரையில் ஒரே இடத்தில் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவின் நோட்டில் ஒரு பக்கம் இப்படிப் போகும்: 61.2, 61.3, 61.2, 61.9, 62.6, 63.4. கடைசி எண்ணை எழுதிய நாளில்கூடக் கால் சாதாரணமாகத்தான் இருந்தது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றார். இரண்டாம் நாள் ராத்திரி தலையணையை மூன்றாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணைப் பார்த்தும் போன் பண்ணாதது என் தப்பு.

உப்புக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடலும் தன் செல்களுக்கு வெளியே உள்ள நீரை ஏறத்தாழ அந்தச் செறிவில்தான் வைத்திருக்கும். ஆக, வெளியேற்றப்படாமல் உடலில் தங்குகிற ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் நீரைத் தன்னோடு பிடித்து வைக்கும்.

வீக்கத்தை அழுத்தினால் குழி விழுகிறது. அது எதைக் காட்டுகிறது?

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, பத்து எண்ணும்வரை நிதானமாக அழுத்திவிட்டு எடுங்கள். நீர் சும்மா கிடந்தால் விரலுக்கடியிலிருந்து பக்கத்துக்கு நகர்ந்துவிடும், குழி நிற்கும், மெல்ல மெல்ல நிரம்பும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் காரணமான வீக்கம் பெரும்பாலும் இப்படித்தான், அதுவும் இரண்டு காலிலும் இருக்கும்.

நிணநீர் நாளமே பழுதாகி வருகிற வீக்கம் வேறு ரகம். ஆரம்பத்தில் அதிலும் குழி விழும். வருடக்கணக்கில் புரதம் தேங்கித் தோல் தடித்து நார்ப்பற்றிவிட்டால் அழுத்தினாலும் அசையாது. கால் பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடித்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாக எழும்பவே இல்லையென்றால் நிணநீர் வீக்கம் என்று சந்தேகப்பட வேண்டும். எழும்பினால் அது இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. ஒரே காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே போய்க் காட்டுங்கள்.

சாயங்காலம் செருப்புக்குள் போகாத கால் காலையில் சரியாகிவிடுகிறதே, நீர் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. படுத்ததும் காலில் இருந்த எடை அழுத்தம் விலகும், கசிவு குறையும், தேங்கியது இரத்தத்துக்குத் திரும்பும். அதில் ஒரு பங்கு சிறுநீராகும், ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்துபோவது அதனால்தான். இன்னொரு பங்கு, தள்ள முடியாத இதயத்தின் வாசலில் போய் நின்று நுரையீரலில் அழுத்தத்தை ஏற்றும். படுத்தால் மூச்சு முட்டுவதும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விடுவதும் அதே நீரின் வேலை. காலையில் கால் வற்றியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து நீர் குறைந்துவிட்டதாகக் கணக்குப் போடாதீர்கள்.

ஒருவருக்குச் சட்டென்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, இன்னொருவர் அதைவிட மோசமான எக்கோ ரிப்போர்ட்டோடு நடமாடுகிறார். எப்படி?

ஒரு காரணம் பழக்கம், அதுவும் நிணநீரின் பழக்கம். நுரையீரலின் தந்துகி அழுத்தம் ஒரு சில நிமிடங்களில் 25, 30 மி.மீ.க்குத் தாவினால் காற்றறைகள் நனைந்துவிடும். பெரிய மாரடைப்பில் நடப்பது இது. ஆனால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு பல வருடமாகச் சுருங்கிக்கொண்டே வந்தவரின் நுரையீரல் 30, 35 வரைகூடத் தாங்கும். அழுத்தம் மெதுவாக ஏறியதால் நிணநீர் நாளங்கள் விரிந்து, ஓட்டம் பல மடங்காகியிருக்கும். தந்துகிச் சுவரும் தடித்திருக்கும்.

இந்த உழைப்பின் சுவடு எக்ஸ்ரேயிலும் தெரியும். நுரையீரலின் அடி ஓரத்தில், ஓரத்துக்குச் செங்குத்தாக, ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஏணிப்படி போலக் கோடுகள் தெரிந்தால் கெர்லி-பி கோடுகள் என்பார்கள். நிணநீர் ஓடுகிற தடுப்புச் சுவர்கள் நீரில் ஊறித் தடித்ததன் நிழல் அது.

வயிறு உப்புசம், பசியே இல்லை, இரண்டு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடுகிறது. இதுவும் இதயமா?

இருக்கலாம். கல்லீரலும் குடலும் நிணநீர் அதிகம் உற்பத்தியாகும் இடங்கள், மார்புக் குழாயில் ஓடுவதில் பெரும்பங்கு அங்கிருந்துதான். சிரை அழுத்தம் ஏறினால் கல்லீரல் கனத்து, அதன் மேற்பரப்பிலிருந்து நீர் வயிற்றுக்குள் கசியத் தொடங்கும். குடல் சுவர் ஊறிப்போகும். ஊறிய குடலில் வாய்வழி நீர் மாத்திரை மெதுவாகத்தான் உறிஞ்சப்படும், ‘அதே லேசிக்ஸ்தான், இப்போது வேலை செய்வதில்லை’ என்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அதையே ஊசியாகப் போட்டதும் சிறுநீர் பிரிவதன் காரணங்களில் இது ஒன்று.

நீர் மாத்திரை வீக்கத்தை நேரடியாக உறிஞ்சி எடுக்கிறதா?

இல்லை. அது சிறுநீரகத்தில் வேலை செய்கிறது, இரத்தத்திலிருந்துதான் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. காலில் இருக்கும் நீர் அதற்கு எட்டாது. இரத்தத்தில் நீர் குறைந்ததும் கசிவு தணியும், திசுவிலிருந்து நீர் இரத்தத்துக்கு வந்து இடத்தை நிரப்பும். இன்னொன்றும் நடக்கிறது. சிரை அழுத்தம் இறங்கும்போது அந்த முகத்துவாரத்தில் நெரிசல் விட்டு நிணநீர் தாராளமாகக் கொட்டும். ஆற்றில் வெள்ளம் வடிந்தால் சாக்கடை தானாக ஓடுவது போல.

சிக்கல் வேகத்தில் வரும். சிறுநீரகம் வெளியேற்றுகிற வேகத்துக்குத் திசுவிலிருந்து நீர் வந்து சேராவிட்டால் காலில் வீக்கம் இருக்கும்போதே இரத்தக் குழாய் வறண்டுவிடும். எழுந்து நின்றால் தலைசுற்றும், பி.பி. இறங்கும், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். வெளியே வெள்ளம், உள்ளே வறட்சி. வீக்கம் இருக்கிறதே என்று நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் இரத்த அளவை அவ்வளவாகக் குறைக்காமல் திசு நீரை அதிகமாகக் குறைக்கின்றன என்றொரு கருத்து உண்டு, அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இதயச் செயலிழப்பில் அவை பலன் தருவது மட்டும் சந்தேகமில்லாதது.

பி.பி. மாத்திரை ஆரம்பித்த பிறகு கால் வீங்கியது. இதயம் மோசமாகிறதா?

மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். அது தமனிப் பக்கத்தை விரித்துத் தந்துகி அழுத்தத்தை ஏற்றுகிறது. நிணநீர் நாளத்தின் தசையும் சுருங்குவதற்கு கால்சியத்தை நம்பியிருப்பதால் அதையும் மந்தமாக்கக் கூடியது. இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை போட்டால் பெரிதாகக் கேட்காது, மருந்தை மாற்றினால் போகும். இப்யூபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகள் உப்பைத் தேக்கும். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன் நீரைத் தேக்குவதால் இதயச் செயலிழப்பில் தவிர்க்கப்படுவது. எதையும் சொந்தமாக நிறுத்தாமல், மொத்த மாத்திரைப் பையையும் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள்.

எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், நார்மல் என்கிறார்கள். பிறகு ஏன் நீர் கோக்கிறது?

சுருங்குவது சரியாக இருந்து, விரிவது விறைப்பாக இருக்கும் வகை இது. உள்ளே அழுத்தம் ஏறியே இருக்கும். கிளாஸ்கோவில் இந்த வகை நோயாளிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அவர்களின் நிணநீர்க் கையிருப்பே குறைந்திருந்தது. தேவைப்படும்போது ஓட்டத்தைக் கூட்டும் திறன் இல்லை. இதயத்தின் வேலை மட்டும் அல்ல, வடிகாலின் பலமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இது.

காலில் இறுக்கமான சாக்ஸ் போடலாமா? நிணநீர் மசாஜ் செய்யலாமா?

இதயம் கட்டுக்குள் வந்த பிறகு, டாக்டர் சம்மதத்தோடு என்றால் போடலாம். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கூடவே கூடாது. இரண்டு காலையும் அழுத்திக் கட்டினால் அங்கிருந்த நீர் இதயத்துக்குத்தான் வரும், வரவேற்க அது தயாராக இல்லை. காற்றடைத்துப் பிழிகிற கருவிகளுக்கும் மசாஜுக்கும் இதே எச்சரிக்கை. காலின் தமனியில் அடைப்பு இருந்தாலும் கூடாது.

காலைத் தூக்கி வைப்பது? நடப்பது?

மூச்சு முட்டாதவரை தூக்கி வைக்கலாம், முட்டினால் இறக்கிவிடுங்கள். நடப்பது நல்லது, கெண்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் நிணநீரைப் பிழிந்து மேலே விடும். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு நாற்காலியில் இருப்பதுதான் மோசம்.

ஏற்கெனவே யானைக்கால் இருந்தவருக்கோ, புற்றுநோய்க்காக நெறிக்கட்டிகளை எடுத்தவருக்கோ இதயமும் பலவீனமானால்?

அந்தக் கால் அல்லது கையில் கையிருப்பே இல்லை, மற்ற இடத்துக்கு முன்பே அங்கே வீங்கும், கடைசியில்தான் வற்றும். வீக்கத்தை வைத்து மருந்தின் பலனை அளக்க அந்த உறுப்பை நம்பாமல் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள், எடையைப் பாருங்கள். பழைய பிரச்சினையைப் புதிய டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

‘நிணநீரைச் சுத்தப்படுத்தும்’ பானங்கள், பொடிகள்?

காசுக்குக் கேடு. உங்கள் நிணநீரில் அழுக்கு இல்லை, வாசலில் அழுத்தம் இருக்கிறது. சில பொடிகளில் உப்போ பொட்டாசியமோ நிறைய இருந்துவிட்டால் ஆபத்தும்கூட.

நிணநீரையே குறிவைத்த சிகிச்சை ஏதாவது வந்திருக்கிறதா?

1960-களில் வெளியே வடியவிட்டதைச் சொன்னேன். வீக்கம் குறைந்தாலும் அது நிலைக்கவில்லை, நிணநீரோடு புரதமும் எதிர்ப்புச் செல்களும் சேர்ந்து வெளியே போகிறதே. இப்போது சோதனையில் இருக்கும் ஒரு யோசனை அழகானது: கழுத்துச் சிரை வழியே பலூன் வைத்த ஒரு வடிகுழாயை இறக்கி, மார்பு நிணநீர்க் குழாய் திறக்கிற அந்த முகத்துவாரத்தைச் சுற்றி மட்டும் அழுத்தம் குறைந்த ஒரு சின்ன வட்டாரத்தை உண்டாக்குவது. உடல் முழுக்கச் சிரை அழுத்தம் ஏறியிருந்தாலும் வாசலில் மட்டும் இறங்கியிருக்கும், நிணநீர் உள்ளே கொட்டும், நீர் மாத்திரை அதை வெளியேற்றும். ஆரம்பக்கட்ட ஆய்வுகள்தான், அன்றாடச் சிகிச்சையாகிவிடவில்லை.

குழந்தைகள் பக்கம் இது இன்னும் முன்னேறியிருக்கிறது. ஒற்றைக் கீழறையோடு பிறந்து, சிரை இரத்தத்தை நேரடியாக நுரையீரலுக்குத் திருப்பிவிடுகிற ஃபோன்டான் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிரை அழுத்தம் வாழ்நாள் முழுக்க ஏறியே இருக்கும். சிலருக்கு நிணநீர் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் ஒழுகி, மரக்கிளை வடிவில் உறைந்த அச்சுகளாக இருமலில் வரும். சிலருக்குக் குடலில் ஒழுகிப் புரதம் வீணாகும். சிறப்பு எம்.ஆர்.ஐ.யில் கசியும் நாளத்தைக் கண்டுபிடித்து, வடிகுழாய் வழியே அடைப்பதைச் சில மையங்களில் செய்கிறார்கள்.

வீக்கம் வடிந்த பிறகும் கால் தோல் கறுத்து, மினுமினுவென்று இழுத்தாற்போல் இருக்கிறதே?

பல மாதம் நீர் தேங்கிக் கிடந்த தோல் அப்படித்தான் ஆகும், சீக்கிரம் வெடிக்கும். விரல் இடுக்கில் ஒரு சின்னப் பிளவு போதும், கிருமி உள்ளே போய்க் கால் சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவை அப்படி வரும்போதும் அங்கிருக்கும் நிணநீர் நாளங்கள் இன்னும் கொஞ்சம் பாழாகும், அடுத்த வீக்கம் இன்னும் எளிதாக வரும். தினமும் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, மணமில்லாத களிம்பைத் தோலில் தடவுங்கள், இடுக்கில் தடவ வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் வேறொருவர் செய்துவிட வேண்டும். அப்பாவுக்கு நான் செய்யும்போது அந்தப் பத்து நிமிடத்தில்தான் குழி எவ்வளவு ஆழம் விழுகிறது என்றும் பார்த்துக்கொள்வேன்.